எதிர் நிரை

எங்கள் அம்மாவுக்குக் கோபப்படவே தெரியாது என்று எரியோட்டுப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொன்னவர்கள் யாரும் எங்கள் வீட்டில் வந்து இருந்து பார்த்தவர்கள் இல்லை. வீட்டில் அவள் கோபப்படவும் மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். காட்டிலிருந்து வந்ததும் உலையை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். பேச்சையெல்லாம் வெங்காயக் காட்டிலேயே செலவழித்துவிட்டு வந்திருப்பாள். அப்பா கேரளத்தில் ஒரு பேக்கரியில் வேலையாக இருந்தார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. சாயங்காலங்களில் எங்கள் வீட்டில் சோறு கொதிப்பதுதான் பெரிய சத்தம்.

அம்மா ஆள் கூட்டிப் போகிறவள். தோட்டக்காரர்கள் சொல்லிவிட்டால், ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போய்ச் சின்ன வெங்காயம் பிடுங்கிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அவளுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் ஒரு கங்காணி. கையில் வேப்பங்குச்சியோடு பெண்களின் முதுகுக்குப் பின்னாலேயே நடப்பார். யாரையும் அடித்ததில்லை, அவருக்கு வாயே போதும். அவருக்குப் பயந்து பெண்கள் அவசர அவசரமாக இழுப்பார்கள். தாள் மட்டும் கையோடு வரும், காய் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். அடுத்த மழைக்குக் காடெல்லாம் திரும்ப முளைத்து நின்றதைப் பார்த்துத்தான் தோட்டக்காரர் ஒருவர் அம்மாவிடம் வேலையைக் கொடுத்தார்.

ஆளுக்கு ஒரு நிரை. இந்த வரப்பில் தொடங்கினால் அந்த வரப்பு வரைக்கும் அந்த வரிசை அவரவர் பாடு. அம்மா தன் நிரையை முடித்ததும் வரப்பில் ஏற மாட்டாள். யார் கடைசியாக வருகிறாளோ அவளுடைய நிரையில், மறு கோடியிலிருந்து எதிரே பிடுங்கிக்கொண்டு வருவாள். "ஏ புள்ள, செத்த நிமிந்து பாரு. இந்தா நான் எதுக்க வாரேன்ல, இம்புட்டுத்தான் இருக்கு" என்பாள். எதிரே ஒரு ஆள் வருவது தெரிந்தால் போதும், பிந்தியவளுக்கும் கை ஓட ஆரம்பித்துவிடும்.

ஒரு தடவை, ஊருக்குப் புதிதாக வந்த மருமகள் ஒருத்தி வேலை பிடிபடாமல் அழுதுகொண்டே பிடுங்கினாள். அம்மா அவளுக்குப் பக்கத்து நிரையைப் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே இடுப்பைப் பிடித்துப் பிடித்துப் பிந்தினாள். அந்தப் பெண் அம்மாவை முந்தி வரப்பேறியபோது எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாவின் சூட்சுமம் அத்தனை பேருக்கும் தெரியும், அந்த மருமகளைத் தவிர.

பள்ளிக்கூட விடுமுறையில் நானும் போவேன். எனக்குக் கை வேகம். அதுதான் வினையாகப் போயிற்று. பிடுங்கிக்கொண்டே நடுவில் நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பேன், அம்மா எதிரே வருகிறாளா என்று. என் நிரையில் அவள் ஒரு நாளும் வந்ததில்லை. கேட்டால், "ஒனக்கென்ன" என்பாள், அவ்வளவுதான். ஊரிலிருக்கிற பெண்களையெல்லாம் தங்கமே என்று கொஞ்சுகிறவளுக்குப் பெற்ற பெண்ணிடம் சொல்ல அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. அந்தக் காட்டில் அத்தனை பேருக்கு நடுவில் எனக்கு யாருமே இல்லாதது போலிருக்கும்.

அந்த வருடம் கோடையில் ஒரு நாள், காலையிலேயே மேற்கே கருத்துவிட்டது. மழை விழுந்தால் வெங்காயம் அழுகிவிடும். மத்தியானம் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு லாரி போவதற்குள் முடியவில்லை என்றால் மறுநாளிலிருந்து கங்காணியே வரட்டும் என்று தோட்டக்காரர் சொல்லிவிட்டுப் போனார். அம்மா தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கினாள். காலையில் அவள் கஞ்சியைத் தொடவில்லை என்பது எனக்குத் தெரியும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கங்காணி என்ற சொல்லுக்கே பெண்கள் பறந்தார்கள். நான் எல்லோருக்கும் முன்னால் முடித்து வரப்பேறினேன். ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள். கடைசியில் காட்டில் ஒரே ஒரு நிரைதான் மிச்சம், அது அம்மாவுடையது. பாதி வழியில் இருந்தாள்.

நான் இறங்கப் போனேன். ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"விடு பாப்பா. அக்கா வேணும்னே மெதுவா வருது. நம்மள ஜெயிக்க வைக்குதாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். "வாக்கா, இம்புட்டுத்தான் இருக்கு!" என்று அம்மாவின் வார்த்தையையே அவளிடம் திருப்பிக் கூவினார்கள். அம்மா ஒரு தடவை நிமிர்ந்து வரப்பைப் பார்த்தாள். நான் முதலில் வந்ததைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அவள் திரும்பக் குனிந்துகொண்டாள்.

லாரிக்கு முன்னால் முடித்துவிட்டாள். வரப்பேறி வந்து என் தலையில் கை வைத்தாள். கை கொதித்தது, வெயிலில் நின்ற சூடு என்று நினைத்தேன். "எந் தங்கம், எல்லாரையும் முந்திட்டியே" என்றாள். வீடு வரைக்கும் நான் குதித்துக்கொண்டே போனேன். அந்த வார்த்தைக்காக நான் எவ்வளவு ஏங்கியிருந்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா உலை வைக்கவில்லை. டைபாய்டு என்று திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவள் எழுந்து நடமாடுவதற்குள் காட்டுக்குக் கங்காணி வந்துவிட்டார். பார்க்க வந்த பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்று அழுதார்கள். "நீ எங்கள ஜெயிக்க வைக்கிறேன்னுல்லக்கா நெனச்சோம்" என்றாள் ஒருத்தி. "நல்லாத்தானே ஜெயிச்சீக" என்றாள் அம்மா, வழக்கம்போல.

முதலில் வந்ததற்கு என்னை மெச்சித்தான் அன்று அம்மா நிமிர்ந்து பார்த்தாள் என்று வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன். எதிரே யாராவது வருகிறார்களா என்று தேடுகிறவர்கள்தான் அப்படிப் பார்ப்பார்கள். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எத்தனையோ நாள் அதே காட்டில், அதே மாதிரி நிமிர்ந்து பார்த்தவள் நான்.