மணல்குழி ஓரத்தில் நின்றவர்

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். காலையில் கல்யாணம், மதியத்துக்கு மேல் பாஸ்போர்ட் படம். சாயங்காலமானால் முதலாளியின் பழைய கேமராவை எடுத்துக்கொண்டு கல்லூரி மைதானத்துக்குப் போய்விடுவேன். விளையாட்டுப் படம் எடுக்கப் பழகுகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். நீளம் தாண்டும் ஒரு பெண்தான் காரணம். மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். என்னை அவள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டாள். எனக்கு இருபத்து நான்கு வயது.

அவளை எடுத்த முதல் படங்கள் பாழ். நின்றபடி எடுத்ததில் அவள் தலைக்குப் பின்னால் விளக்குக் கம்பம் முளைத்திருந்தது. தாண்டுகிறவள் தடுக்கி விழுவதுபோல் இருந்தாள். பிறகு குழிக்கு அந்தப் பக்கம் குப்புறப் படுத்துக்கொண்டேன். அங்கிருந்து பார்த்தால் பின்னால் வானம் மட்டுந்தான். கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தினால் தாமதமாகிவிடும் என்பதால், அவள் காலடிச் சத்தத்தைக் கேட்டே அழுத்தப் பழகினேன்.

மாவட்டப் போட்டியில்தான் சரியான படம் அமைந்தது. இரண்டு கைகளும் மேலே, கால்கள் மணலைத் தொடவில்லை. முதலாளி அப்போதுதான் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கியிருந்தார். படத்தை அதில் ஏற்றி, முகத்து நிழலைக் குறைத்தேன், வானத்தை அழுத்தமாக்கினேன். இடது ஓரத்தில் யாரோ ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டி நின்றார். பார்வை அவரிடமே போனது. அவரை வெட்டிவிட்டு, அவள் பாயும் பக்கம் இடம் விட்டேன். கல்லூரி மலரின் அட்டையில் அந்தப் படம் வந்தது.

மலரோடு ஸ்டுடியோவுக்கு வந்தாள். நல்லா வந்திருக்கு என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள்.

“எங்கப்பா அங்கன ஓரத்துலதான நின்னாவ. வெட்டிட்டீயளா, அண்ணாச்சி?”

எஸ்டேட்டில் லீவு வாங்கி, விடியக்காலை பஸ் பிடித்து இறங்கி வந்தாராம். அவள் தாண்டி அவர் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

நெகட்டிவ் இருக்கிறது, முழுசாகப் போட்டுத் தருகிறேன் என்றேன். ஆனால் ஃபோகஸ் அவள்மேல் இருந்ததால் அவர் முகம் மங்கியிருந்தது. கம்ப்யூட்டரில் மூன்று நாள் மல்லுக்கட்டினேன். கூர்மையாக்க ஆக்கப் புள்ளிகள்தான் பெருகின, கண்ணும் மூக்கும் வரவில்லை. கடைசியில் அப்படியே பிரின்ட் போட்டுக் கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்தவள், “மூஞ்சி தெரியாட்டி என்ன, நிக்கிற நிலையே எங்கப்பாதான்” என்றாள்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு வடக்கே வேலை கிடைத்தது. போவதற்கு முந்தின நாள் சொல்லிவிட்டுப் போக வந்தாள். நான் சொல்ல வேண்டியதை இரண்டு வாரமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். கடையில் ஆள் இருந்தது. போய்ட்டு வாங்க என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வருஷம், மலையைப் படம் எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு மாஞ்சோலை பஸ் ஏறினேன். வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்தேன். அவள் அப்பா என்னை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தார். சுவரில் அந்தப் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. நான்தான் எடுத்தேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போன வாரந்தான் லீவுல வந்துட்டுப் போனா” என்றார். “ஸ்டுடியோவுக்குப் போனாளாம். நீங்க கல்யாண வேலையா வெளியூர் போயிருந்தியளாம்.”

அவள் வந்ததை முதலாளி என்னிடம் சொல்லவே இல்லை. என்ன விஷயமாக வந்தாள் என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, மதியப் பஸ்ஸில் மலை இறங்கினேன்.