கைகளைப் பின்னால் கட்டியிருந்தவர்

ஏற்காட்டு மலைப்பாதை சைக்கிள் பந்தயத்தில், தொழில்முறை வீரனான என் அண்ணன் வென்றான். உடனே ஊக்கமருந்துச் சோதனைக்கு அவனை அழைத்துச் சென்றார் ஓர் அதிகாரி. மெலிந்த உருவம், நரைத்த மீசை. கைகளைப் பின்னால் கட்டியபடியே நின்றார். சிறுநீர் மாதிரிக் குப்பியை அண்ணனே எடுத்து, அண்ணனே மூட வேண்டும்; அவர் தொட மாட்டார்.

தாகத்தில் தவித்த அண்ணனிடம் நான் குடித்து மீந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"திறந்தது வேண்டாங்க கண்ணு. சீல் உடைக்காத பாட்டில் அங்க இருக்குதுங்க," என்று தடுத்தார் அதிகாரி.

பேச்சுமேடைகளில் பரிசுகள் குவித்தவன் நான். "உடன்பிறந்தவனையே ஐயுறுவது எந்த நீதி?" என்று முழங்கினேன்.

"நொம்ப நல்லாப் பேசறீங்க சாமி. ஆனா லேபுக்குக் காது இல்லீங்களே!" என்று சிரித்தவர், படிவத்தில் ஏதோ எழுதினார்.

தூரத்திலிருந்து பார்த்த எதிரணியினர், நான் கொடுத்த எதையோ குடித்து அண்ணன் சோதனையை ஏமாற்றினான் என்று மறுவாரம் புகார் செய்தார்கள். விசாரணையில் என் சொல் எடுபடவில்லை, தம்பியின் சாட்சியம்தானே! அதிகாரி எழுதியிருந்த ஒற்றை வரிதான் அண்ணனின் வெற்றியைக் காத்தது: 'தம்பி நீட்டிய பாட்டிலிலிருந்து வீரர் குடிக்கவில்லை.'

அந்தப் படிவத்தை நன்றியோடு பலமுறை படித்தேன். நான் அவரிடம் முழங்கியதைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.