என் மகளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை

மைதானத்தில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டார்கள். ஓடவிட்டார்கள், துள்ளவிட்டார்கள், முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார்கள், சின்னச் சின்ன அணிகளாகப் பிரித்து மோதவிட்டார்கள். கோட்டுக்கு வெளியே நின்ற தெரிவாளர்கள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதிக்கொண்டே இருந்தார்கள். மாடு வாங்க வந்தவர்கள்கூட இப்படிப் பார்க்கமாட்டார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அந்தத் தொழில்முறை உதைபந்தாட்டக் கழகத்தின் பெண்கள் பயிற்சி விடுதியில் கடைசியாக மிஞ்சியது ஒரே இடம். அதற்கு நின்றவர்கள் என் மகளும் வேறொரு பிள்ளையும். மகளுக்குப் பதினேழு வயது. இந்த முறை விட்டால் வயது தாண்டிவிடும்.

“இனி வீட்டைப் பார்ப்பார்கள்” என்றார் நாங்கள் குடியிருக்கும் லெ பிளாங்-மெனிலில் அவளைப் பழக்கிய பயிற்சியாளர். பிள்ளை வேறு ஊரில் தனியே இருக்க வேண்டும், அதற்குக் குடும்பம் பின்னால் நிற்கிறதா என்று அறியப் பெண் தெரிவாளர் ஒருவர் வருவாராம். கேட்டதும் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. காரணம் என் மனுசன்.

இவர் கெட்டவர் இல்லை. மளிகைக் கடை முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி நேரம் வாங்கி, மகளின் எல்லா ஆட்டத்துக்கும் போய் நிற்பவர். ஆனால் பெற்ற பிள்ளையை வாய் திறந்து மெச்சமாட்டார். மெச்சினால் கண்ணூறு, நாவூறு பட்டுவிடும். கல்யாண மண்டபத்தில் யாராவது “பிள்ளை நல்லா வளந்திட்டாள்” என்றால், “எங்கை, ஒண்டும் சாப்பிடுறாள் இல்லை” என்று அவசரமாகச் சொல்வார். ஒருமுறை ரூ பஜோல் கோயில் தேருக்கு வந்த சிநேகிதர் ஒருவர் அவளுடைய ஆட்டத்தைப் புகழோ புகழென்று புகழ்ந்தார். அடுத்த கிழமையே அவள் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டாள். அதோடு இவருக்குப் பயம் முற்றிவிட்டது. ஆட்டம் முடிந்து வந்தால் செத்தல் மிளகாயையும் உப்பையும் என் கையில் தந்து சுற்றி எரிக்கச் சொல்வார். புகைக்கு அலாரம் கத்தும், மகள் எங்கள் இருவரையும் பிரெஞ்சில் திட்டுவாள்.

“இஞ்சை பாருங்கோ, அந்த மனுசிக்கு முன்னாலை உங்கடை பழைய பாட்டைப் பாடாதேங்கோ” என்று சொல்லித்தான் வைத்தேன்.

“ஓமோம், எனக்குத் தெரியும்” என்றார். இவருடைய ஓமோம் எனக்குத் தெரியாதா!

இவருக்கு லீவு கிடைக்காததால் தெரிவாளர் இவருடைய கடை இருக்கும் லா சப்பலுக்கே வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒரு காலத்தில் தானும் ஆடியவராம். நான் அங்கேயே ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு சலூனில் புருவம் எடுப்பவள். பாதிப் புருவத்தோடு இருந்த பெண்ணை மற்றவளிடம் தள்ளிவிட்டு, பக்கத்துத் தேநீர்க் கடைக்கு ஓடினேன். மகள் ஏற்கெனவே வந்து விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் பிரெஞ்சில்தான் பேசினோம். அந்த மதாம் சுற்றி வளைக்காமல் இவரைக் கேட்டார்: “உங்கள் மகள் எப்படிப்பட்ட ஆட்டக்காரி?”

இவர் தேநீரைப் பார்த்தார். “சுமார்தான், மதாம்.”

மேசைக்குக் கீழே காலால் உதைத்தேன். மதாம் நிமிர்ந்து, “சுமாரா?” என்றார். எங்கள் ஆட்களாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். தகப்பன் வேறென்ன சொல்வான் என்று அவர்களுக்குத் தெரியும். இந்த மனுசி சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டார். இவருக்கோ, வெள்ளைக்காரி ஆச்சரியப்பட்டதும் பயம் இன்னும் கூடிவிட்டது. சோம்பேறி என்றார். இடது கால் உதவாது என்றார். விடியக் காலையில் எழுப்ப ஆள் வேண்டும் என்றார். ஒவ்வொன்றும் பொய். அவ்வளவும் தாளில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தேநீரை இவருடைய தலையில் ஊற்றியிருப்பேன்.

மதாம் மகளின் பக்கம் திரும்பினார். “வீட்டிலும் இப்படித்தானா?”

“எப்போதும்.”

“அதெல்லாம் உண்மையா?”

அவள் தோளைக் குலுக்கினாள். “அப்பா என்னுடைய எல்லா ஆட்டமும் பார்த்தவர். அவருக்குத்தானே தெரியும்.”

பிரெஞ்சில் எத்தனை சண்டை பிடித்தாலும், இந்த மனுசன் சொன்னதையெல்லாம் அவள் இத்தனை வருடமும் நம்பியிருக்கிறாள். நான் எழும்பிவிட்டேன். “மதாம், எங்கள் ஆட்கள் பிள்ளையை மெச்சமாட்டார்கள், மெச்சினால் பிள்ளைக்குக் கெடுதல் வரும் என்று பயம்…” என்று தடுமாறி விளக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தனியாகப் போகிற பிள்ளைக்கு, உன்னால் முடியும் என்று சொல்ல வீட்டில் ஒருவராவது வேண்டும். அதை நான் அவருடைய வாயாலேயே கேட்க வேண்டும்.”

தாளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினார். இவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. கடைக்குள் இருந்தவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

“அங்கை விளையாடின எல்லாரிலும் நீதான் பிள்ளை கெட்டிக்காரி. உன்ரை காலிலை பந்து வந்தால் எனக்கு மூச்சு நிண்டிடும்.”

“அப்படியென்றால் ஏன் ஒருநாளும் சொல்லவில்லை?” மகள் பிரெஞ்சில் கேட்டாள்.

“பயம் பிள்ளை.”

அவர் என்ன சொன்னார் என்று மதாம் மகளைக் கேட்டார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன், ஒரு சொல் விடாமல். மதாம் எழுதினாரா என்று எனக்கு நினைவில்லை. எங்கள் மூவருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. நாங்கள் மூவரும் குசினிக்குள் நின்றோம். மகள் கேட்டாள், நன்றி சொன்னாள், வைத்தாள். இடம் மற்றப் பிள்ளைக்கு.

இவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே போட்டார். “பாத்தியளே! நான் சொன்னனான்தானே! இந்த நாசமாப் போன வாயாலை ஒருக்கா மெச்சினன், முடிஞ்சுது!” வாயிலேயே அடித்துக்கொண்டார். நான் பிடிக்கப் போக முன்னம் மகள் அவருடைய கையைப் பிடித்துவிட்டாள். அழுதுகொண்டுதான் நின்றாள்.

“இல்லையப்பா, மற்றவள் என்னைவிட வேகம். அவ்வளவுதான்.” தமிழில் சொன்னாள், தட்டித் தடுமாறி. “அண்டைக்குச் சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோ.”

இவர் என்னைப் பார்த்தார். போய்க் குசினி யன்னலைச் சாத்தினார், கதவையும் சாத்தினார். பிறகு அவளுடைய காதுக்குக் கிட்டப் போய், எனக்குக்கூடக் கேட்காமல் சொன்னார்.