மூன்று குடம் கடல்

மீன் வளர்க்கிறேன் என்று சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். சாத்தூரில் உட்கார்ந்துகொண்டு கடல் மீன் வளர்க்கிறேன் என்று சொன்னேன், அதற்குத்தான் சிரித்தார்கள். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவது நாலு நாளைக்கு ஒரு முறை. அதுவும் வந்தால்தான் உண்டு. அப்படிப்பட்ட ஊரில், தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து நான் வேலை பார்த்த கம்பெனிக்கு லோடு ஏற்றி வரும் லாரி டிரைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, இரண்டு பெரிய கேன் நிறையக் கடல்தண்ணீர் கொண்டுவந்து வாசலில் இறக்கினேன்.

"குடிக்கத் தண்ணி இல்லாம தெருவே கொடத்தத் தூக்கிக்கிட்டு அலையுது. இவுக உப்புத் தண்ணிக்கு லாரி விடுதாக" என்றாள் என் மனைவி. பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். கேட்டது.

எல்லாம் சென்னையில் பிடித்த கிறுக்கு. நான் அப்போது ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கெமிக்கல் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாவளி ஆர்டர் விஷயமாகச் சென்னை வியாபாரி ஒருவர் வீட்டுக்குப் போன இடத்தில், ஹாலில் அதைப் பார்த்தேன். டி.வி. பெட்டியைவிடச் சின்னக் கண்ணாடித் தொட்டி. உள்ளே ஒரு கல். கல்லின்மேல் சட்டைப் பித்தான் அளவில் பச்சைப் பச்சையாகப் பவளப் பூக்கள் அசைந்துகொண்டிருந்தன. பூ என்பது பேச்சுக்குத்தான், ஒவ்வொன்றும் ஓர் உயிர், வாய் உண்டு, இரை தின்னும் என்றார் அவர். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தன. பதினோரு வருஷமாக வெள்ளையும் சாம்பலுமாகப் பொடி மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்த கண் எனக்கு. வாங்கினால் இதை வாங்க வேண்டும் என்று அங்கேயே முடிவுசெய்துவிட்டேன். சின்னப் பிள்ளைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

மூன்று குடம் தண்ணீர் பிடிக்கிற தொட்டி ஒன்று செய்தேன். அதன் கனத்தைத் தாங்கி ஆடாமல் நிற்க வீட்டில் ஒரே ஒரு மேசைதான் இருந்தது. அது என் மனைவியின் தையல் மிஷின் மேசை.

"மிஷினத் தூக்கித் தரையில வச்சிட்டு நான் எங்கன உக்காந்து தைக்க? ஒங்க மடியிலயா?"

நான் மேசையைத் துடைத்தேன். மணல், மோட்டார், டியூப்லைட் எல்லாம் மாட்டி, சென்னையிலிருந்து ரயிலில் பொத்திப் பொத்திக் கொண்டுவந்த இரண்டு மீன்களை அன்றைக்கே விட்டேன். மூன்றாம் நாள் இரண்டும் மல்லாந்தன. கடைக்காரனுக்கு போன் போட்டால், "தண்ணி பழகணும் சார். ஒரு மாசம் மீன் இல்லாம சும்மா ஓட விடணும்" என்கிறான்.

"இத வாங்கையிலயே சொல்லித் தொலைக்கக் கூடாதாய்யா?"

"நீங்க கேக்கலையே சார்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு போனையே தொட்டிக்குள் போட்டிருப்பேன். பிறகு ஒரு மாசம், வெறும் தண்ணீருக்கு லைட் போட்டு, மோட்டார் ஓட்டி உட்கார்ந்திருந்தேன். வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் குனிந்து பார்த்து, "மீன எங்க?" என்பார்கள். இன்னும் வரவில்லை என்பேன். "அப்ப தண்ணியவா பாத்துக்கிட்டு இருக்கீக?" என்று கேட்டுவிட்டுக் காபியைக் குடிப்பார்கள். அந்த ஒரு மாசத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களைப் போல் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

இதற்கிடையே தொட்டியில் தண்ணீர் குறைந்தது. எங்கள் ஊர் வெயிலுக்குக் குறையாமல் என்ன செய்யும்? குறைந்த அளவுக்குக் கடல்தண்ணீரையே ஊற்றினேன். தண்ணீர் கரிப்பேறி, கண்ணாடி விளிம்பில் உப்புப் பூத்துவிட்டது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே கிடக்கும் என்பது, தூத்துக்குடி உப்பளத்தைப் பஸ்ஸிலிருந்து நூறு தடவை பார்த்தவனுக்குத் தெரிய வேண்டாமா? தெரியவில்லை. நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டுமாம். போர் தண்ணீரும் ஆகாதாம், கேன் தண்ணீர்தான் வேண்டுமாம். குடிக்க வாங்கும் கேனிலிருந்து தினம் இரண்டு டம்ளர் மீனுக்கு என்றதும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டாவது தடவை எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்தன. இரண்டு மீன், ஒரு சிவப்புப் பட்டை இறால், கைப்பிடி அளவுக் கல்லில் பதினாலு பவளப் பூ. வந்து ஒரு வாரத்தில் மின்வெட்டும் வந்தது. தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம். அந்நேரம் நான் கம்பெனியில் இருப்பேன். மோட்டார் நின்றால் தண்ணீரில் காற்று இருக்காது, மீன் செத்துப்போகும். ஸ்டோரில் உட்கார்ந்துகொண்டு நான் வாட்சைப் பார்ப்பேன்.

ஒரு நாள் அரை நாள் லீவில் வீட்டுக்கு வந்தால், அவள் தொட்டிக்கு முன்னால் நின்று, டம்ளரால் தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி, மறுபடி தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருக்கிறாள். காபி ஆற்றுகிற மாதிரி.

"என்ன புள்ள பண்ணுத?"

"மூச்சு முட்டுது அதுகளுக்கு. மேல வந்து வாயப் பொளக்குது. பாத்துக்கிட்டேவா நிக்க?"

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு வாரமாகவே தினம் இரண்டு மணி நேரம் நின்று ஊற்றியிருக்கிறாள். அதற்குப் பிறகு தொட்டி அவளுடையது ஆகிவிட்டது. தண்ணீர் எதுவரை நிற்க வேண்டும் என்று கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவைத்தாள். வெயில் ஏறினால் ஐஸ் கட்டிய தண்ணீர் பாட்டிலை மிதக்கவிட்டாள். காலையில் லைட்டைப் போட்டதும் பூக்களை எண்ணுவாள். இரண்டு மாசத்தில் பதினாலு, பத்தொன்பது ஆயிற்று.

அது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் அவள் வைத்த முருங்கைக்கொம்பு பட்டுப்போனது, வாங்கிவிட்ட கோழிக்குஞ்சுகள் சீக்கு வந்து செத்தன. "இவ கைராசி அப்படி" என்று என் அம்மா சொல்லிவிட்டார். ஒரு தடவை அல்ல, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அன்றிலிருந்து அவள் ஒரு துளசிச் செடிகூட வைத்ததில்லை. இப்போது அவள் கையில் ஒன்று பெருகியது. தெருவில் உள்ள பெண்கள் எல்லோரையும் கூட்டிவந்து, "பதினாலுதான் இருந்துச்சு. இப்ப எண்ணிப் பாருங்க" என்று காட்டினாள். அவர்கள் எண்ணும்போது இவளும் கூடவே உதட்டை அசைத்து எண்ணுவாள்.

அதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருந்தேனா? பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பவளம் வேகமாக வளர என்ன வழி என்று தேடினேன். ஸ்ட்ரான்சியம் கொடுத்தால் நன்றாக வளரும் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்ட்ரான்சியமா! ஊர் உலகமெல்லாம் குட்டிப் பாட்டிலில் வாங்குகிற சாமான், என் ஸ்டோரில் கூரை வரைக்கும் மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறதே. பட்டாசில் சிவப்பு வெளிச்சத்துக்குப் போடுவது அதைத்தான். கெமிக்கல் எதுவும் கம்பெனியை விட்டு வெளியே போகக் கூடாது. வேலை முடிந்து போகிறவர்களின் பையைச் சோதிக்க வேண்டிய ஆள் நான். என் பையை யார் சோதிப்பார்கள்? காலி பிலிம் ரோல் டப்பா ஒன்றில் கொஞ்சம் போட்டுக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும், அவள் கடைக்குப் போகிற நேரம் பார்த்து, ஒரு சிட்டிகை போட்டேன். திடீரென்று பூ முப்பதாகி நின்றால் அவள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. அதனால்தான் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் பூக்கள் முழுசாக விரியாமல் சுருங்கி நின்றன. அடுத்த வாரம் பத்தொன்பது பதினொன்று ஆனது. இறால் செத்தது. பிறகு ஒரு மீன். கல்லின்மேல் பழுப்பாக ஒரு பாசி வழவழவென்று படர்ந்தது. எதனால் என்று எனக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் எதிரில் நிற்பவர் தொலைந்தார். அன்று வெள்ளிக்கிழமை. அவள் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்து, செத்த மீனைக் கையால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மஞ்சக் கையத் தண்ணிக்குள்ள விடுதியா? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம இப்பிடித்தான் விடுதியா?"

"நல்லாக் கழுவிட்டுத்தாங்க…"

"அதான் ஒண்ணொண்ணாச் சாகுது. அம்மா சொன்னது சரியாத்தான் இருக்கு. ஒன் கை பட்டு எது உருப்பட்டுருக்கு? இனிமே தொட்டிப் பக்கம் வந்த, தெரியும் சேதி."

அவள் மீனைக் காகிதத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். சண்டைக்கு வருவாள் என்று நின்றேன், வரவில்லை. எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. பவளம் இளைத்துவிட்டதே என்று அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு சிட்டிகை போட்டேன்.

சென்னைக் கடைக்காரன் தண்ணீர் சோதிக்கும் மருந்து ஒன்று பார்சலில் அனுப்பினான். அதோடு வந்த சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டதும், அட்டையில் போட்டிருந்த கடைசிக் கட்டத்தையும் தாண்டிச் சிவந்தது. மீனையும் பவளத்தையும் கொல்லும் நைட்ரேட் தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது என்று அர்த்தம். நைட்ரேட் எங்கிருந்து வரும்? நேரே கேன் தண்ணீர்க்காரனிடம் போய், என்னத்தைக் கலக்கிறாய் என்று சத்தம் போட்டேன். அவன் பேந்தப் பேந்த விழித்தான்.

அவளைத் தடுத்துப் பன்னிரண்டாவது நாள். கம்பெனிக்கு ஆய்வுக்கு வருகிறார்கள் என்று, ஸ்டோரில் மூட்டை அடுக்கு ஒவ்வொன்றிலும் முழுப் பெயர் எழுதி அட்டை மாட்டச் சொன்னார் மேனேஜர். எங்கள் தொழிலில் யாரும் எதையும் முழுப் பெயரில் சொல்வதில்லை. பேரியம் கொடு, ஸ்ட்ரான்சியம் கொடு, அவ்வளவுதான். சீட்டிலும் அப்படித்தான் எழுதுவோம். நான் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, ஸ்ட்ரான்சியம் என்று எழுதி, அதற்குக் கீழே நைட்ரேட் என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் படித்தேன். பதினோரு வருஷமாக அந்த மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சோறு தின்றவன் நான். அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பவளக்காரர்கள் சொட்டுச் சொட்டாக விடுவது வேறு உப்பு. நான் வாராவாரம் அள்ளிப் போட்டது விஷம்.

மேனேஜரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வரும்போது மத்தியானம் இரண்டரை மணி. கரண்டு இல்லை. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம்.

அவள் தொட்டிக்கு முன்னால் நின்று ஊற்றிக்கொண்டிருந்தாள். வலது கையில் முழங்கை வரைக்கும் பிளாஸ்டிக் பை மாட்டி, கழன்று வராதபடி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் டம்ளரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"நான் தொடல. டம்ளருதான் பட்டுச்சு. சத்தியமா என் கை தண்ணியில படல, இந்தா பாருங்க, பை கட்டிருக்கேன்."

கல்யாணமாகிப் பத்து வருஷமான பெண், தன் வீட்டுக்குள், என்னிடம் இப்படிப் பேசினாள். பன்னிரண்டு நாளும் இப்படித்தான் ஊற்றியிருக்கிறாள். அந்த ஒற்றை மீன் உயிரோடு இருந்தது அதனால்தான். பிலிம் டப்பாவை அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். எந்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன், எத்தனை சிட்டிகை போட்டேன், எதற்குச் சொல்லாமல் போட்டேன் எல்லாம். தண்ணீரை உடனே பாதி மாற்றினால் இந்த மீனாவது தப்பிக்கும் என்றும் சொன்னேன்.

அவள் மீனைப் பார்க்கவில்லை. டப்பாவையும் பார்க்கவில்லை.

"அப்ப என் கை இல்லியா?"

"இல்ல."

"நெசமாவா? மஞ்ச இல்லியா?"

"மஞ்ச இல்ல, ஒன் கை இல்ல. நாந்தான் கொன்னேன்."

அவள் டம்ளரை மேசைமேல் வைத்தாள். பையை அவிழ்க்கப் பார்த்தாள், ஒற்றைக் கையால் முடியவில்லை. நூல் இறுகி, முழங்கைக்குக் கீழே சதை சிவந்திருந்தது. இரு, நான் அவிழ்க்கிறேன் என்று பக்கத்தில் போனேன். அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"நீங்க தொடாதீக" என்றாள்.