அக்காவுக்குக் கிடைத்த டெஸ்டர்

தலைநகரின் துவாரகா பகுதியில் புது பிளாட்டுக்குக் குடிபோன முதல் குளிர்காலம். கீஸர் ஓடும்போது அம்மா மிக்ஸியைப் போட்டால் போதும், குளியலறையும் சமையலறையும் சேர்ந்தாற்போல் அணைந்துவிடும். வாசற்கதவுக்கு மேலிருந்த பெட்டியில் ஒரு ஸ்விட்ச் 'டப்'பென்று கீழே விழும். எந்த ஸ்விட்ச் எந்த அறைக்கு என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அதைக் கண்டுபிடிக்க ஸ்டூலில் ஏறினார். துணைக்கு அக்காவைக் கூப்பிட்டார், என்னை அல்ல. எனக்கு எட்டு வயது, அவளுக்குப் பதின்மூன்று. வீட்டிலிருந்த எல்லா விளக்குகளையும், அந்தக் குளிரில் ஃபேன்களையும்கூடப் போட்டுவிட்டார்கள். அப்பா ஒவ்வொரு ஸ்விட்சாகக் கீழே தள்ள, அக்கா அறை அறையாக ஓடி, "ஹால் ஃபேன் போச்சுப்பா!" என்று கத்தினாள். நானும் பின்னாலேயே ஓடி அதையே கத்தினேன்.

"ஹட் யார், தள்ளு! நீயும் கத்துனா அப்பாவுக்கு எப்படிக் கேக்கும்?" என்று தள்ளிவிட்டாள்.

கடைசியில் கீஸரும் சமையலறையும் ஒரே ஸ்விட்சில் இருப்பது தெரிந்தது. அப்பா அக்காவை ஸ்டூலில் ஏற்றினார்.

"பாரும்மா, பாரம் தாங்காமத்தான் இது விழுது. விழுந்ததும் தூக்கிவிடக் கூடாது. முதல்ல கீஸரை அணைக்கணும், அப்புறம்தான் இதைத் தொடணும்."

என்னைக் கேட்டிருந்தால் ஒரே மூச்சில் ஒப்பித்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. போதாததற்கு, கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் தன் டெஸ்டரையும் அவளிடமே கொடுத்தார். அவள் அதை ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோனாள். எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த மாதம் அப்பா மாற்றலாகி குவாஹாட்டிக்குப் போனார். ரயில் நிலையத்தில் என் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்துவிட்டு, அக்காவைத் தனியே கூட்டிப்போய் வெகுநேரம் பேசினார். அவர் ஊரைவிட்டுப் போகிற துக்கம்கூட எனக்கு அப்புறம்தான் வந்தது.

அவர் போன பிறகு ஒரு காலையில் மறுபடியும் 'டப்'. அம்மா அக்காவின் பெயரைச் சொல்லிக் குரல் கொடுப்பதற்குள் நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிட்டேன். அக்கா ஓடிவந்து கீஸரை அணைத்தாள். பிறகு என்னை இடுப்போடு தூக்கி இறக்கினாள்.

"நானும் பண்ணுவேன்! எல்லாம் உனக்கேதானா?"

"வேணும்னா எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ, போ!" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. ஆனாலும் ஏறி, ஸ்விட்சை அவளே தூக்கிவிட்டாள். விளக்கு எரிந்தது.

நான் அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினேன். அம்மா அரைத்த சட்னியை அப்படியே விட்டுவிட்டு என்னை மடியில் இருத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அக்கா ஸ்டூலிலிருந்து இறங்காமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பக்கச் சடையை அவளே பின்னியிருந்தாள். மறுபக்கம் முடி அவிழ்ந்து கிடந்தது. ஜெயித்துவிட்ட திமிரில்தான் அப்படிப் பார்க்கிறாள் என்று அன்று நினைத்தேன். அம்மாவின் மடியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டு, அவளுக்கு நாக்கைத் துருத்திக் காட்டினேன்.