அடுத்தவங்க புளி

காலேஜில் எங்களுக்கு சப்ளை செயின் எடுத்த வாத்தியார் எல்லா வகுப்பிலும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார். சரக்கை ஒரே இடத்தில் வைக்காதே, அந்த இடம் போனால் எல்லாமே போச்சு. வேலூரில் பிபிஏ முடித்துவிட்டு மலைக்குத் திரும்பிய எனக்கு உருப்படியாக ஞாபகம் இருந்தது அது ஒன்றுதான். இன்றைக்கு யோசித்துப் பார்த்தாலும் அவர் சொன்னதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அதுதான் கடுப்பு.

ஜவ்வாது மலையில் எங்கள் பக்கம் புளியமரம் இல்லாத பட்டா கிடையாது. ஆனால் புளி எங்களுடையது இல்லை. ஒடுகத்தூர் மண்டிக்காரர் ஒருவர், மரம் பூவாக நிற்கும்போதே மேலே ஏறி வந்து மரத்துக்கு மரம் பேசி முடித்துவிடுவார். கோடையில் அவருடைய ஆட்களே வந்து உலுக்கி, ஓட்டோடு மூட்டை கட்டி இறக்கிவிடுவார்கள். ஓடு தட்டுவது, நார் உரிப்பது, கொட்டை எடுப்பது எல்லாம் கீழே. அந்த வேலையும் கீழே இருப்பவர்களுக்குத்தான். மேலே நாங்கள் சாமை அறுத்து முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்போம். அந்த நேரம் பார்த்துக் கூலிக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியின் வேன் வரும். பாதி ஊர் அதில் ஏறிக் குடகுக் காப்பித் தோட்டத்துக்குப் போய்விடும். என் அண்ணனும் அப்படிப் போனவன்தான். வருடத்தில் பாதி நாள் அண்ணிக்குப் புருஷன் என்றால் போனில் கேட்கும் ஒரு குரல், அவ்வளவே.

அண்ணியின் கணக்கு ரொம்ப சிம்பிள். ஓடு தட்டுகிற வேலை மலையிலேயே நடந்தால் கோடை முழுக்க மலையில் வேலை இருக்கும். வேலை இருந்தால் யாரும் வேன் ஏற வேண்டாம். அதற்காகத்தான் ஊர் ஊராக நடந்து பெண்களைச் சேர்த்து ஒரு குழு ஆரம்பித்தாள். சென்னையில் ஒரு கம்பெனி, கொட்டை எடுத்த சுத்தமான புளி வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம் என்றது. முதல் வருடம் எல்லாவற்றையும் ஒரே கிடங்கில் வைத்தார்கள். கூரை ஒழுகிப் பெரும்பகுதி பூஞ்சை பிடித்துப் போனது. கம்பெனி இன்னொரு தடவை பார்ப்போம் என்றது. மண்டிக்காரர், இந்த வருடமும் எனக்கு மரம் இல்லையென்றால் இனிமேல் உங்கள் மலைப்பக்கமே வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினார்.

நான் டிகிரியோடு வந்து இறங்கியது சரியாக அப்போது.

"படிச்சி முடிச்சிட்டு வூட்ல குந்திக்கினு செல்ல நோண்டற நேரத்துல, இந்த மூட்டைய எங்க வெக்கிறதுன்னு சொல்லுப்பா," என்றாள் அண்ணி.

"அண்ணி, இதுக்குப் பேரு ரிஸ்க் டிஸ்ட்ரிபியூஷன்."

"பேரு வெச்சது போதும். எடத்த சொல்லு."

இடத்தைச் சொன்னேன். லேப்டாப்பில் படம் போட்டே சொன்னேன். கிடங்கே வேண்டாம். உள்ளே இருக்கிற, வண்டி போகாத ஊர்களில் புளியை உரித்துச் சுத்தம் பண்ணட்டும். அதைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து ரோட்டோர வீடுகளில் பிரித்து வைப்போம். ஒரு வீடு ஒழுகினால் அந்த ஒரு வீட்டுச் சரக்கோடு போகும். இதில் இன்னொரு கெத்தான விஷயமும் வைத்திருந்தேன். யாருடைய புளியும் அவரவர் வீட்டில் இருக்காது. ஒரு ஊர்ப் புளி இன்னொரு ஊர் வீட்டில். அவசரத்துக்கு எடுத்து மண்டிக்காரருக்குத் தள்ளிவிட முடியாது. எல்லாருடைய நல்லதும் எல்லாரிடமும் மாட்டிக்கொண்டிருக்கும். காலேஜில் இதை அலைன்மென்ட் என்பார்கள். அண்ணி கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டு, "பரவால்லியே, காசு குடுத்து படிக்க வெச்சது வீணாப் போவல," என்றாள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

கம்பெனி ஒரே ஒரு விஷயத்தில் கண்டிஷனாக இருந்தது. உப்பு கூடாது. ஒரு கல்லு கூட. அதை நானே வாட்ஸப் குரூப்பில் குரலாகப் பேசி அனுப்பினேன். கேட்காதவர்களுக்கு நான் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கமாக ஊர் ஊராகப் போய்ச் சொன்னோம்.

ரோட்டோரத்தில் எங்களுக்குச் சித்தி முறையாக ஒரு பெண் இருக்கிறாள். அவள் வீட்டுக்குத்தான் நிறைய மூட்டை ஒதுக்கியிருந்தேன். கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"உப்பு போடாம எந்த ஊர்லடா புளி வெப்பாங்க? பூச்சி வெக்காதா?"

"வெளிநாட்டுக்காரன் உப்பு இருந்தா வாங்க மாட்டான் சித்தி. பூச்சி வெக்கறதுக்குள்ள வண்டி வந்துடும்."

"வந்துட்டா சரி. எம்புளியா இருந்தா இன்னா ஆனாலும் ஆவட்டும்னு வுட்டுடுவேன். இது மேலூர்க்காரிங்க புளி. தலையில சொமந்துக்கினு வந்து எங்கிட்ட குடுத்துட்டுப் போறாளுங்க. எங்க வூட்ல வெச்சி கெட்டுப்போச்சின்னா நாளைக்கு எந்த மூஞ்ச வெச்சிக்கினு அவளுங்க ஊருக்குத் திருவிழாவுக்குப் போறது?"

எங்கள் மலையில் இது சாதாரணப் பேச்சு. விதைச் சாமையோ, தேனோ, அடுத்தவர் கொடுத்துவைத்த பொருள் நம் வீட்டில் புழு வைத்தால் அது அந்த வீட்டுக்கே ஆகாது என்பார்கள். கொடுத்தவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதையும் கொடுத்துவைக்க மாட்டார்கள், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சு என்பதால் காதில் வாங்கினேனே தவிர மண்டையில் ஏற்றவில்லை.

அந்த மாதம் முழுக்க மலையில் டக்கு டக்கென்று ஓடு தட்டும் சத்தம். கிண்டலும் சிரிப்புமாகப் பெண்கள் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து கொட்டை எடுத்தார்கள். மேஸ்திரியின் வேன் அந்தத் தடவை கால்வாசி காலியாகப் போனது. அண்ணி போனில் அண்ணனிடம் பேசுவது எனக்குக் கேட்கும்.

"இந்த வாட்டியோட முடிச்சிக்கினு வந்துடு. இங்க மூட்ட தூக்க ஆளு இல்ல. உன் தம்பி லேப்டாப்பத் தவுர வேற ஒண்ணுத்தையும் தூக்க மாட்டேன்றான்."

அண்ணன் சிரிப்பது வெளியே வரை கேட்கும்.

பிறகு கோடை மழை பிடித்தது. சும்மா வந்துவிட்டுப் போகிற மழை இல்லை. ஒடுகத்தூர் இறங்கும் ரோட்டில் ஒரு வளைவில் மண் சரிந்து வண்டி நின்றது. கரண்ட் போய் டவரும் படுத்தது. குரூப்பில் ஒரு செய்தி போகவில்லை, வரவில்லை. நான் மழையில் நனைந்துகொண்டு வீடு வீடாகப் போய்க் கூரையைப் பார்த்தேன். ஒரு வீடும் ஒழுகவில்லை. மூட்டைகளைப் பரண் மேல் ஏற்றி, அடுப்புப் பக்கம் சூடு படுகிற மாதிரி வைத்திருந்தார்கள். என் திட்டம் வேலை செய்கிறது என்று நனைந்த தலையோடு பல்லைக் காட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ரோடு சரியாகி, வாடகைக்குப் பேசிய குட்டியானை வண்டி மேலே ஏறியதும் வீடு வீடாக நிறுத்தி ஏற்றினோம். சித்தி ஒரு மூட்டையின் வாயைப் பிரித்தே காட்டினாள்.

"பாரு. ஒரு பூச்சி இருக்குதா பாரு. ஒரு பூஞ்சை இருக்குதா பாரு."

இல்லை. செக்கச்செவேலென்று இருந்தது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன்.

ஒடுகத்தூரில் கம்பெனி ஆள் காத்திருந்தார். என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். நல்ல மாதிரி. அண்ணிக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, முதல் மூட்டையில் ஒரு துண்டைப் பிய்த்து நாக்கில் வைத்தார். திரும்ப இன்னொரு துண்டு. என்னைப் பார்த்தார்.

"என்னங்க, உப்பு கரிக்குது?"

"அது ஒரு வூட்டோடதா இருக்கும் சார். அடுத்தத பாருங்க."

அடுத்ததும் கரித்தது. அதற்கு அடுத்ததும். நான் வண்டி மேல் ஏறி அடியில் இருந்த மூட்டைகளை இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வாய்க்குள் புளிப்பும் கரிப்புமாக எது எதுவென்றே தெரியாமல் போகும் வரை தின்று பார்த்தேன். ஒரு மூட்டையும் தப்பவில்லை. எந்த வீட்டு மூட்டை என்று தெரிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கலர் துணி கட்டியிருந்தேன். பச்சை, மஞ்சள், நீலம், எல்லாம் உப்பு. கடைசியாகச் சிவப்புத் துணி. அது எங்கள் வீடு.

வாயில் வைத்ததும் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"நானும் ஒரு கை போட்டேன்பா," என்றாள்.

"அண்ணி! போடக்கூடாதுன்னு ஊர் ஊரா சொன்னதே நீங்கதானே!"

"கத்தாத. எனக்குத் தெரியாதா? மழ நிக்கல. வண்டி வருமா வராதான்னு தெரியல. காத்து ஈரமா அடிக்குது. நம்ம புளியா இருந்தா வுட்டிருப்பேன். இது அவளுங்க புளி. மொத்த லோடுல நம்ம வூட்டு மூட்டைல மட்டும் ஒரு கை உப்பு இருந்தா யாருக்குத் தெரியப் போவுதுன்னு நெனச்சேன்."

எல்லா வீட்டிலும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள். மழையும் இருட்டுமாக ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத அந்த நாட்களில், எல்லாப் பெண்களும் ஒருவருக்கும் தெரியாமல் உப்புச் சட்டியில் கைவிட்டிருக்கிறார்கள். மூட்டைகளைத்தான் நான் தனித்தனியாகப் பிரித்து வைத்தேன். வைத்துக்கொண்டவர்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி ஆட்கள். சொந்தப் புளியாக இருந்திருந்தால் உப்பு போடாமல் விட்டிருப்பார்கள். அடுத்தவர் புளியாக மாற்றிக் கொடுத்தது என்னுடைய கெத்தான ஐடியா.

கம்பெனி ஆள் தள்ளிப்போய் சென்னைக்கு ரொம்ப நேரம் பேசினார். எங்களுக்காகத்தான் பேசினார், கையை ஆட்டுவதிலேயே தெரிந்தது. திரும்பி வரும்போது முகத்திலேயே பதில் இருந்தது.

"போன வருஷம் பூஞ்சை, இந்த வருஷம் உப்பு. இனிமே மலைச்சரக்கே வேணாம்னு சொல்றாங்கம்மா. என் கையில ஒண்ணுமில்லைங்க."

"உங்கள ஒண்ணும் சொல்லலைங்க," என்றாள் அண்ணி. டீ டம்ளரைக் கடையில் வைத்துவிட்டு வந்து வண்டியில் ஏறினாள். டிரைவரிடம் மண்டித் தெருவுக்கு விடச் சொன்னாள்.

"அண்ணி, வேணாம். வேற கம்பெனி தேடலாம். நான் தேடறேன்."

"தேடு. அதுவரிக்கும் மூட்டைய எங்க வெப்ப?"

நானும் வண்டியில் ஏறினேன்.

மண்டிக்காரர் கேலி பண்ணுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். அவர் பண்ணவில்லை. நாற்காலி போட்டார். ஒரு துண்டை வாயில் போட்டுச் சப்பினார்.

"நல்லா உப்பு போட்டு அடக்கமா வெச்சிருக்கீங்கம்மா. நம்ம ஊரு கொழம்புக்கு இப்டித்தான் இருக்கணும். எறக்குங்க. ஆனா இத்தோட சரி. வர்ற வருசம் எல்லா மரமும் பழையபடி ஓட்டோட எனக்கு வந்துடணும். நாங்களே தட்டறோம், நாங்களே கொட்ட எடுக்கறோம்னு குழு கிழு வெச்சிக்கினு வரக்கூடாது. இன்னா சொல்றீங்க?"

அண்ணி தெருவைப் பார்த்தாள். எதிரில் வேறு மண்டிக்காரரின் கொட்டகையில் ஒடுகத்தூர்ப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஓடு தட்டிக்கொண்டிருந்தார்கள். அதே டக்கு டக்கு.

"சரிங்க," என்றாள்.

காலிச் சாக்கோடு மலை ஏறும்போது, மண் சரிந்த வளைவுக்குக் கீழே அண்ணனின் போன் வந்தது. டவர் சரியாகிவிட்டிருந்தது.

"போய்ச் சேந்துச்சி," என்றாள் அண்ணி. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "மேஸ்திரி கேட்டாருன்னா வர்றேன்னு சொல்லிடு. ஆமா, அடுத்த வருசத்துக்கும். ஒண்ணும் ஆவல. சொல்லு, அவ்ளோதான்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் அதற்குமேல் தாங்க முடியாமல், "மூட்ட வெச்சிருந்தவங்க எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிடலாம் அண்ணி," என்றேன்.

"இன்னான்னு சொல்லுவ? நீ உப்பு போட்டதாலதான் எல்லாம் போச்சின்னா? ஒவ்வொருத்தியும் தன்னாலதான்னு நெனச்சிக்குவா. கம்பெனி வேணாம்னுடுச்சின்னு நானே மெதுவா சொல்லிக்கிறேன். உப்ப பத்தி நீ வாயத் தொறக்காத."

சித்தி ரோட்டிலேயே நின்றிருந்தாள். வண்டி நிற்பதற்குள் ஓடிவந்து காலிச் சாக்கை என் கையிலிருந்து வாங்கி, உதறி, நான்காக மடித்தாள்.

"இன்னாடி ஆச்சி? கம்பெனிக்காரன் இன்னா சொன்னான்? எங்க வூட்டு மூட்டைல எதனா கெட்டிருந்திச்சா?"

"ஒண்ணும் கெடல சித்தி," என்றாள் அண்ணி. "நல்லா இருந்துச்சி."

சித்தியின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. என் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

"சொன்னேன் இல்ல? எங்க வூட்ல வெச்சா பத்திரமா இருக்கும்னு? அடுத்த வருசம் இன்னும் ரெண்டு ஊரு புளிய எங்கிட்டயே குடுங்க. பரண பெருசா கட்டச் சொல்லியிருக்கேன், மூங்கில் வெட்டியாச்சி."

வாசலில் வெட்டிய மூங்கில் பச்சையாகக் கிடந்தது. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே, "சரி சித்தி," என்றாள். டிரைவர் ஹாரன் அடித்தான். இன்னும் எல்லா வீட்டுச் சாக்கும் கொடுக்க வேண்டியிருந்தது.