சீனிக் காப்பி

அந்தக் காலத்துத் தூத்துக்குடியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மணம்தான். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். கடற்கரைப் பக்கம் கொழும்புச் சோப்பும் தேயிலையும் மணக்கும். மேற்கே பஜாருக்குள் நுழைந்தால் விளாத்திகுளத்து வற்றலும் உடன்குடிக் கருப்பட்டியும். தினமும் தோணி போய்வந்ததால் கொழும்பு எங்களுக்குப் பக்கத்து ஊர். மாட்டுவண்டி போகும் உடன்குடி ஏதோ தூர தேசம். பீங்கான் கோப்பையும் வெள்ளைச் சீனியும் இருந்தால் டவுன்காரர்கள், கருப்பட்டி என்றால் பட்டிக்காடு. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கருப்பட்டியைத்தான் வீட்டுக்கு வீடு ஒளித்து வைத்துக் குடித்தோம். எனக்கோ அது இல்லாமல் பொழுதே விடியாது. சீனிக் காப்பி வெந்நீர் மாதிரி இருக்கும்.

பஜாரில்தான் அவரைப் பார்த்தேன். வண்டியிலிருந்து ஓலைப்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். வெயிலும் கருப்பட்டி வாசமுமாக அந்த இடமே மயங்கிக் கிடந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாரா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாரா, இன்றுவரை தெரியாது. சில மாதம் கழித்து உடன்குடியிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தது அவர் வீடுதான் என்று தெரிந்ததும், இவரை விட்டால் வேறு யாருக்கும் கழுத்தை நீட்டுவதில்லை என்று முடிவே செய்துவிட்டேன்.

உலகச் சண்டைக் காலம். சீனி ரேஷனில்தான். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு கருப்பட்டி போட்ட நாட்டுக் காப்பியா கொடுப்பது என்று அம்மா ஒரு மாதச் சீனியை அப்படியே எடுத்து வைத்தாள். அன்றைக்குக் கருப்பட்டிப் பானையை விறகுக்குப் பின்னால் தள்ளி, வாசம் போகச் சாம்பிராணியும் போட்டாள்.

"ஏளா, கருப்பட்டின்னு வாயைத் திறந்துராத" என்று எனக்கு எச்சரிக்கை வேறு.

அவருடைய அம்மா ஒரு வாய் குடித்தார். கொழும்புக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நாங்க கருப்பட்டி ஏவாரம் பண்ணுதவங்கன்னு தெரியும்லா? எங்க சரக்கே இந்த வீட்டுக்கு ஆகலன்னா, எங்க வீடு மட்டும் உங்க பிள்ளைக்கு ஆகுமாக்கும்? எந்திரிலே, போவோம்."

மாப்பிள்ளையாக வந்திருந்த அவரும் எழுந்துவிட்டார். எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! அடுக்களைக்குள் ஓடி அந்தக் கரிப்பானையைத் தூக்கிவந்து நடுக்கூடத்தில் வைத்தேன். பட்டுச்சேலையெல்லாம் கரி.

"பாருங்க அத்தை. நாங்க தினமும் குடிக்கது இதுதான். உங்களுக்கு நல்லதாக் குடுக்கணும்னு ஒரு மாசமா யாரும் சீனியத் தொடல. அதப் போயி குத்தம் சொல்லுதியளே!"

அத்தை பானைக்குள் கைவிட்டு ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தார். "எங்க சரக்குதான்" என்றார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாதும்பாக. டவுன்லயும் ஒண்ணு இருக்குலே! இவதான் நம்ம வீட்டுக்கு."

கல்யாணம் முடிந்து உடன்குடியில் முதல் காலை. செம்மண் முற்றம், பனைகளுக்கு இடையே புகைபோல வெளிச்சம், எங்கோ பதநீர் காயும் மணம். கனவுக்குள் நடப்பதுபோல் அடுக்களைக்குப் போனேன். இனி ஒளிக்க வேண்டாம், ஊரே கருப்பட்டி, ஆசைதீரக் குடிக்கலாம் என்று நாக்கு ஊறியது.

அத்தை டம்ளரை நீட்டினார். ஒரு வாய் குடித்தேன். சீனி.

"எங்களுக்காக உங்க வீட்டுல ஒரு மாசம் நாக்கக் கட்டிக்கிட்டு இருந்திய. நிச்சயம் பண்ணுன நாள்லேர்ந்து இங்கனயும் யாரும் சீனியத் தொடலளா. எல்லாம் உனக்குத்தான். நல்லாருக்கா?"

அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டம்ளரை நீட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா அத்தை?"